கண்ணாடிகளுக்கும் பூசை போட்டார்

பெரிய காஞ்சிபுரம்,
3-11-1977

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு, குழலி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பாதி பொய். மீதியைக் கீழே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பிரான்சில், வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்க நீங்கள் கட்டும் கோபுரத்துக் குழாயில் உருக்கிய உப்பு உறைந்து, குழாய் வெடித்துவிட்டதாம். மேலதிகாரி ஒரு வார்த்தை திட்டவில்லையாம், அதுவே அவமானமாக இருக்கிறதாம், எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடப் போகிறீர்களாம். படித்ததும் வந்த கோபத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூட எனக்குத் தெரியவில்லை. ஒரு குழாய் வெடித்ததற்கா மூட்டை கட்டுவார்கள்? அப்படிப் பார்த்தால் நாங்கள் இந்த வீட்டையே காலி செய்திருக்க வேண்டும்.

ஆமாம், இங்கேயும் வெடித்தது. போகும்முன் மாடியில் ஒன்றைக் கட்டி வைத்துவிட்டுப் போனீர்களே, அதுதான். கண்ணாடிகளால் வெயிலைக் குழாயில் விழவைத்து, உப்பை உருக்கிப் பீப்பாயில் சேர்த்து, அந்தச் சூட்டில் விடியற்காலையில் சாயத் தொட்டியைக் கொதிக்க வைக்கும் புண்ணியக் காரியம். உங்கள் அப்பா இத்தனை நாளும் அதைத் திட்டிக்கொண்டேதான் பயன்படுத்தினார். விறகு மிச்சமானதை மட்டும் வாய் திறந்து சொன்னதில்லை.

ஆயுத பூசையன்று தறி, தொட்டி, தராசு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர், மாடிக்கும் ஏறினார். கண்ணாடி ஒவ்வொன்றுக்கும் பட்டை பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். உழைக்கிற சாமான் இன்றைக்கு ஓய்வெடுக்க வேண்டும் என்று பழைய வேட்டிகளைப் போட்டு மூடியும் விட்டார். பகல் முழுக்க வெயில் படாவிட்டால் உப்பு கல்லாகிவிடும் என்று நீங்கள் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். உப்புக்குப் பூசை நாள் தெரியாதா என்று கேட்டார்.

மறுநாள் குழாய் முழுக்கக் கல். தீபாவளிச் சேலைகளுக்கு நூல் காத்திருக்கிறது, வெயில் ஏறும்வரை அவருக்குப் பொறுமை ஏது? தொட்டிக்கு நடு அடியில் தீ மூட்டியே பழகிய கை, குழாய்க்கும் நடுவில் மூட்டியது. நடுவில் உருகிய உப்பு விரிய, இரண்டு பக்கமும் கல்லாக அடைத்துக்கொண்டு வழி விடவில்லை. குழாயைப் பிளந்துகொண்டு அவர் இடது கையில் கொட்டியது. முழங்கை வரை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். விரல்களை மடக்க முடிகிறது, பயப்படாதீர்கள். பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள், சூரியனைப் பிடித்து அடைத்தால் சும்மா விடுவானா என்று கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

இதை உங்களுக்கு எழுதக்கூடாது என்பது மாமாவின் உத்தரவு. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சொன்னார்: "குழா போச்சுன்னா வேற குழா வாங்கிக்கலாம்மா. பாதியில வந்துட்டான்னா, ஆயுசுக்கும் தலை குனிஞ்சிக்கினே இருப்பான்." சொன்ன கையோடு, அடுத்த முறை குழாயை எந்த முனையிலிருந்து சூடேற்ற வேண்டும் என்று உங்களைக் கேட்டு எழுதச் சொன்னார். கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. உங்கள் வீட்டில் யாருக்குத்தான் புத்தி இருக்கிறது?

ஆனால் அவர் சொன்னது சரி. நீங்கள் தோற்று வந்தால் ஊரில் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நீங்களே உங்களைக் குத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பீர்கள். அந்த முகத்துக்கு வேளாவேளைக்குச் சோறு போட வேண்டியவள் நான். அதனால் வராதீர்கள். உப்பு குழாயில் ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இன்னும் ஒரு வருடமா என்று நினைத்தால் எனக்கு அழுகைதான் வருகிறது, ஆனாலும் இருங்கள்.

குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள். ஏகாம்பரநாதர் உங்களைக் காப்பாற்றட்டும்.

இந்தக் கடிதம் அங்கே வந்து சேர்வதற்குள் நீங்கள் புறப்பட்டுவிட்டிருந்தால், அதற்காக நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள்
ஏலவார்குழலி