வண்டியை விட்டு இறங்காதே

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன், நம்புங்கள்.

சந்தையில் குண்டு வெடித்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஆம்புலன்ஸ்தான் முதலில் போனது. பதறாதீர்கள், என் மேல் ஒரு கீறல்கூட இல்லை. இங்கே குண்டு வைக்கிற கும்பல் எப்போதும் இரண்டு வைக்கும். முதலாவது கூட்டத்துக்கு, இரண்டாவது காப்பாற்ற ஓடுகிற எங்களுக்கு. அதனால் போலீஸ் சோதித்து முடிக்கும்வரை நாங்கள் இறங்கக் கூடாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கவிழ்ந்த கூடைகளுக்கு நடுவே உங்கள் வயதில் ஓர் அம்மா என்னைப் பார்த்துக் கை நீட்டினார். "தம்பி, வாப்பா." கதவில் கை வைத்தேன். டிரைவர் அண்ணன் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். "இறங்குனேன்னா உங்கம்மாவுக்கு நான்தான்டா பதில் சொல்லணும்."

இந்த முறை இரண்டாவது குண்டு வைக்கவே இல்லையாம். நாங்கள் இறங்கிப் போனபோது அந்த அம்மாவின் கை கீழே சரிந்து கிடந்தது, உயிர் இல்லை.

அடுத்த முறை இறங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இறங்காமல் இருந்துவிடுவேனோ என்றும்.

முடிந்தால் இரண்டு பருத்திப் பனியன் அனுப்புங்கள், இங்கே கிடைப்பதெல்லாம் உடம்பை அறுக்கிறது. அப்புறம், கொஞ்ச நாளைக்குப் போனில் என்னைத் 'தம்பி' என்று கூப்பிடாதீர்கள் அம்மா. பேர் சொல்லியே கூப்பிடுங்கள்.

வண்டி கிளம்புகிறது.

உங்கள் மகன்