பலகையில் நீ எழுதிய தண்ணீர்

பி விங் முழுவதற்கும் தண்ணீர் நேரம் சொன்ன என் அம்மாவுக்கு,

கீழே லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கரும்பலகையை இன்னும் யாரும் துடைக்கவில்லை. நீ போய் நான்கு மாதம் ஆகிறது. "பன்னிரண்டாம் நம்பர் மைதிலி வேறொரு கிரகத்தில் தண்ணீர் கண்டுபிடித்திருக்கிறாள்" என்று நீ இந்தியில் எழுதிய வரி அப்படியே இருக்கிறது. வாட்ச்மேன் ராம்தீன் தண்ணீர் வரும் நேரத்தை ஓரத்தில், கையகல இடத்தில் நெருக்கி எழுதுகிறார். குடியிருப்பு சொஸைட்டி செகரட்டரி ஒருத்தி செத்துப்போனால் இந்த மும்பைச் செம்பூரில் இப்படியா துக்கம் காப்பார்கள்?

அந்த வரி தப்பாக இருக்கலாம் அம்மா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் ஆராய்கிற கிரகத்தை யாரும் நேராகப் பார்த்ததில்லை. அது தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் கொஞ்சம் மங்கும். அந்தக் கிரகத்தைச் சுற்றிக் காற்று இருந்தால், சில நிறங்களில் கூடுதலாக மங்கும். எந்தெந்த நிறம் என்பதை வைத்து, அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்று சொல்கிறோம். நீராவிக்கு உரிய மங்கல் எங்களுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலமே உன்னிடம் ஓடிவந்தேன்.

நீ ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்து படுத்திருந்தாய். தலைமாட்டில் கஞ்சி ஆறிப்போய்க் கிடந்தது.

"போர்டுல எழுதலாமாடி? நிச்சயமா?" என்று கேட்டாய். தண்ணீர் டேங்கர்காரனைப் போனில் கேட்பாயே, அதே குரல்.

"நிச்சயம்மா."

ஒரு பக்கம் எழுதினால் பத்து 'இருக்கலாம்' போடுகிறவள் நான். அன்று ஒன்றைக்கூட உனக்குத் தரவில்லை. ஏன்? நீ எழுந்து உட்காருவாய் என்றா? அல்லது உனக்கு நேரம் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்ததா? யோசிக்க யோசிக்கக் குழம்புகிறது. நீ எழுந்து உட்கார்ந்ததும் அல்லாமல், லிஃப்ட் ஓடாத அந்த நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கிப்போய் எழுதினாய்.

கிரவுண்ட் ஃப்ளோர் மணி மாமா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஏண்டி மைதிலி, அங்க தண்ணி எத்தனை மணிக்கு வரதாம்?"

நீதான் பதில் சொன்னாய். "இருபத்துநாலு மணி நேரமும் வரும். அங்க நீங்க திருட்டு மோட்டார் போடலையே!"

சொல்லிவிட்டு நீ சிரித்தாயே, அப்படிச் சத்தமாக நீ சிரித்து அதன் பிறகு நான் கேட்கவில்லை.

நீ போன பிறகுதான் அந்தச் சந்தேகம் வந்தது. அந்தக் கிரகத்தின் நட்சத்திரம் சூரியனைவிடச் சின்னது, சிவப்பு, வெப்பமும் குறைவு. அதன் முகத்தில் இன்னும் குளிர்ந்த புள்ளிகள் இருக்கலாம். அந்தப் புள்ளிகளிலேயே நீராவி இருக்க முடியும். கிரகம் அவற்றின் மேல் போகாவிட்டாலும், அந்த நீராவியின் அடையாளம் கிரகத்தினுடையது போலவே எங்கள் கணக்கில் விழும். நாங்களோ நட்சத்திரத்தை முகமெல்லாம் ஒரே சீரான விளக்கு என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தோம்.

புள்ளிகளைச் சேர்த்து மறுபடி போட்டேன். கிரகத்தில் தண்ணீர் என்றாலும் பொருந்துகிறது. கிரகம் வெறும் பாறை, நீராவி நட்சத்திரத்தில் என்றாலும் அதே அளவு பொருந்துகிறது. ஒரு மாதமாக இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். எங்கள் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் இன்னும் 'கண்டறியப்பட்டது' என்று இருந்தது. அதை மாற்றக் கை வரவில்லை. அது உன்னிடம் நான் சொன்ன வார்த்தை.

நேற்றுக் காலை மணி மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

"அப்போ தண்ணி இல்லையா?"

"தெரியலை மாமா."

"தெரியலையா? நாலு வருஷமா என்னத்தைத்தான் பாக்கறே?"

ராம்தீன் டஸ்டரை எடுத்துக்கொண்டு, "மிடா தூம், தீதி?" என்றார். துடைத்துவிடவா என்று கேட்கிறார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அது அவ அம்மா எழுத்துடா, சும்மா இரு!" தமிழில்தான் அதட்டினார். ராம்தீனுக்குப் புரிந்துவிட்டது.

தண்ணீர் நேரம் மாறினால் நீ டஸ்டரைத் தொடமாட்டாய். பழைய நேரத்தின் மேல் ஒரு கோடு, கீழே புதியது, பக்கத்தில் உன் கையெழுத்து. 'அழிச்சா, அப்படி எழுதவே இல்லைன்னு சண்டைக்கு வருவா' என்பாய். நானும் கோடு போடலாம் என்றுதான் சாக்பீஸை எடுத்தேன். ஆனால் கோடு போட்டால் தண்ணீர் இல்லை என்று ஆகிவிடும். அதுவும் எனக்குத் தெரியாதே அம்மா!

கடைசியில் உன் வரியைத் தொடாமல், அதற்குக் கீழே எழுதினேன்: "கிரகத்திலா, அதன் நட்சத்திரத்திலா என்று இன்னும் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறோம்." பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மாமா கண்ணாடியை நெற்றியில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "நட்சத்திரத்துலயா? எரியற நெருப்புல தண்ணியா?"

"ஆவியா, மாமா. இருக்கலாம்."

"அடி அசடே! அதையன்னா முதல்ல எழுதியிருக்கணும்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. மேலே வந்து கட்டுரையின் தலைப்பை மாற்றினேன். பிறகுதான் அழுதேன்.

நீ என்னை நம்பித்தான் படி இறங்கினாயா? இல்லை, 'நிச்சயம்மா' என்றபோதே என் முகத்தைப் படித்துவிட்டாயா? படித்துவிட்டும் எழுதினாய் என்றால், எனக்காகவா?

அடுத்த முறை அந்தக் கிரகம் குறுக்கே போகும்போது, புள்ளிகளைக் காட்டிக்கொடுக்கும் நிறங்களிலும் பார்க்கப் போகிறோம். விடை எதுவானாலும், உன் வரிக்குக் கீழே நானே எழுதுகிறேன். அந்த முறையும் ஒன்றும் தெரியாமல் போனால், அதையும் எழுதுகிறேன். இனிமேல் உன்னிடம் வரும்போது என் 'தெரியலை'யையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன்.

நிச்சயம்மா.

உன் பெண்,
பன்னிரண்டாம் நம்பர் மைதிலி