பாரோனின் கடைசிப் பன்னிரண்டு

ஏப்ரல் 3, வியாழன்

என் பச்சைக் கோப்பையின் காது உடைந்து, ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை; ஒட்டு தெரியாதபடி சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறான். என் வீட்டுக்காரன் ஏகோனைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்" என்றான். இந்த வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். கோழிகள் கோப்பை கழுவுவதில்லை.

மாலையில் டாக்னி போன் செய்தாள், கோழி வளர்க்க நான் கற்றுக்கொடுத்தவள். அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டார்களாம். கோழிவீடு சுத்தமாகிவிட்டது, இனி அவள் பறவை வைக்கலாம். பிப்ரவரியில் பறவைக் காய்ச்சல் வந்து அவளுடைய முப்பத்து நான்கையும் ஒரே காலையில் கொண்டுபோனார்கள். போன வருஷம் நான் கொடுத்த இளஞ்சேவலும் அதில் போயிற்று. முட்டை வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அவள் இருக்கும் ஸ்மோலண்டில் பெய்யும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். நானே சொன்னேன், பத்து நாளில் பன்னிரண்டு முட்டை தருகிறேன் என்று. அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

சாம்பல் பூக்கோழியில் இந்த வம்சம் இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. ஆறு கோழி, ஒரு சேவல். பழைய கோழி இனங்களைக் காக்கும் சங்கத்தின் காப்பாளர் பட்டியலில் இந்த வம்சத்துக்கு நேராக வேறு பெயர் இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

பேக்கரியில் ஆள் வரவில்லை, இரட்டை வேலை. வீடு வந்தபோது ஏழு மணி. ஏகோன் பாத்திரம் கழுவி, தரையும் துடைத்து வைத்திருந்தான். நான் சொல்லாமலே. என்ன ஆயிற்று இவனுக்கு?

ஆறு கோழியில் செல்லக்காரி லிங்கோன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மார்பெல்லாம் சேறு. யார் வந்தாலும் பின்னால் போவாள், யார் மடி கிடைத்தாலும் ஏறுவாள். சாம்பல் இறகு நுனியெல்லாம் வெள்ளைப் பூ. தபால்காரர்கூட இவளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத்தான் கடிதம் தருவார்.

ஏப்ரல் 9, புதன்

பாரோன் கூவவில்லை. போய்ப் பார்த்தால் பரணுக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தான். ஏழு வயது. உயிர் இல்லை. கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன். மாதிரி எடுத்துப் போயிருக்கிறார். காய்ச்சல் என்றால் மீதி ஆறும் போகும். "அவருக்கு எதுக்குச் சொன்னே, வயசாகிச் செத்திருக்கும்" என்றான் ஏகோன். சொல்லித்தான் ஆகவேண்டும், அது விதி என்றேன். விதியை நான் விட்டால் யார் பிடிப்பார்கள்?

ஏப்ரல் 11

காய்ச்சல் இல்லை. இதயம். ஆப்பிள் மரத்தடியில் புதைத்தோம். நான் அழவில்லை, ஏகோன் அழுதான்.

ஏப்ரல் 14, திங்கள்

பாதி வழியில், பெரிய சாலையோரம் பெட்ரோல் பங்கில் டாக்னியைச் சந்தித்தேன். நான் ஆறாம் தேதியிலிருந்து சேர்த்த பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் கம்பளிக் காலுறையில் சுற்றி வைத்திருந்தேன். பெட்டியைக் கையில் வாங்கியவள் காரில் வைக்காமல் நின்றுகொண்டே இருந்தாள்.

"மெதுவா ஓட்டறேன் சிக்னே. பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சா அடிச்சுட்டுப் போறான்."

பாரோன் போய்விட்டதைச் சொன்னேன். இவை அவனுடைய கடைசி. கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். "ஒரு தப்பும் நடக்காம பாத்துக்கறேன்" என்றாள். நாளை மறுநாள் இன்குபேட்டரில் வைக்கிறாள். மே ஏழில் பொரிக்க வேண்டும்.

ஏப்ரல் 23, புதன்

டாக்னி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டாள். பத்தில் நரம்பு ஓடுகிறதாம், இரண்டு வெறும் முட்டை. பத்து! பேக்கரியில் ரொட்டித் தட்டோடு நின்றுகொண்டே அழுதுவிட்டேன். அடுப்புச் சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

எழுத மனமில்லை. ஆனாலும் எழுதவேண்டும்.

மத்தியானம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு டாகெ, கையிடுக்கில் லிங்கோன். மூன்று வருஷமாக அவனும் நானும் பேசுவதில்லை. வேலிக்கு மேலே அவளைத் தூக்கிக் கொடுத்தான்.

"உன் மக மறுபடியும் வந்துட்டா."

"மறுபடியுமா?"

"போன தடவை சாயங்காலம் வரைக்கும் இருந்தா. என் தீவன வாளியப் பாத்ததும் பின்னாலயே வந்துட்டா. நான்தான் கொண்டாந்து ஏகோன் கையில கொடுத்தேன். அவன் சொல்லலை?"

"எப்போ?"

"இந்த மாசம் முதல் வெள்ளி. என் பய சும்மா இருப்பானா, மிதிச்சுட்டான். சிக்னேகிட்ட சொல்லிடுடான்னு ஏகோன்கிட்ட சொல்லியனுப்பினேனே."

அவனுடைய 'பய' பிரம்மா இனச் சேவல். விரல் நுனி வரை இறகு, கால்சட்டை போட்டதுபோல நடப்பான். ஏப்ரல் நாலு. நான் முட்டை சேர்க்க ஆரம்பித்தது ஆறு.

ஏகோன் கொட்டகையில் டிராக்டருக்கு அடியில் கிடந்தான். காலைப் பிடித்து இழுக்காத குறை. அன்றைக்கு வெயில் அடித்ததாம், பாவம் என்று திறந்துவிட்டானாம், வேலியில் ஓட்டை இருப்பது தெரியாதாம்.

"ஏன்டா சொல்லலை? மூணு வாரம்டா! பெட்டியில காலுறை சுத்தினப்போ பக்கத்துல நின்னியே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: "உன்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."

முப்பத்தொரு வருஷம். நான் இவனை அடித்தேனா, பட்டினி போட்டேனா? பயமாம்.

ஏப்ரல் 26

சங்கத்து விதியை எடுத்து மறுபடி படித்தேன், என்னமோ மாறியிருக்கும் என்பதுபோல. வேறு இனச் சேவல் மிதித்தால் மூன்று வாரத்துக்கு அந்தக் கூட்டத்து முட்டையை யாருக்கும் தரக்கூடாது. தந்தால் பட்டியலிலிருந்து பெயர் போகும்.

அப்போதே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? மூன்று வாரம் காத்திருந்தால் பாரோனின் முட்டையே கிடைத்திருக்காது. அவன் போய் இன்றோடு பதினேழு நாள். இனி என் கூட்டில் விழுவதெல்லாம் ஆம்லெட்டுக்குத்தான். அந்தப் பத்தை விட்டால் ஒன்றுமில்லை. டாக்னியிடம் சொன்னால் பத்தையும் தூக்கிப் போட்டுவிடுவாள். அவளும் என்னைப் போலத்தான், விதி என்றால் விதி. நான்தானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

சொல்லாவிட்டால்? லிங்கோனின் முட்டை அதில் இரண்டோ மூன்றோ. அவையும் பாரோனுடையவையாக இருக்கலாம். இல்லாவிட்டால் காலில் இறகோடு பொரிக்கும், பார்த்த கணமே தெரிந்துவிடும். எனக்கும் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடலாம். சொல்லலாம்தான்.

டாகெயும் முன்பு பட்டியலில் இருந்தவன். பூக்கோழிகளோடு தங்கை கொடுத்த வேறு இனத்து வெள்ளைக் கோழி ஒன்றையும் வைத்திருந்தான். முட்டைகூட அது போட்டதில்லை, கிழடு. என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு நான்தான் சங்கத்துக்கு எழுதினேன். அவன் பெயரை எடுத்தார்கள். பூக்கோழிகளை விற்றுவிட்டு, என் கண்ணில் படட்டும் என்றே பிரம்மா வாங்கினான்.

இப்போது அவன் எழுதினால்? ஒரே ஒரு வரி போதும்.

ஏப்ரல் 28

ஏகோன் வேலி ஓட்டையை அடைத்துவிட்டான்.

ஏப்ரல் 30, புதன்

ஊர்த் திடலில் வசந்த நெருப்பு. போகாமல் இருந்தால் கேட்பார்கள் என்று போனேன். டாகெ ஒரு தொத்திறைச்சியைக் குச்சியில் குத்திச் சுட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

"நீ சங்கத்துக்கு எழுதப்போறியா?"

"நானா? எனக்கு எழுத்தெல்லாம் வராது. உனக்குத்தான் அழகா வரும். அஞ்சு பாயிண்ட், நம்பர் போட்டு." தொத்திறைச்சியைத் திருப்பினான். "அந்த நகலை எனக்கும் அனுப்பினாங்க. இன்னும் டிராயர்லதான் இருக்கு."

"நீ அன்னைக்கே நேரா என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்."

"நீ அன்னைக்கு நேரா வந்து என்கிட்ட சொன்னியா? அந்தக் கிழட்டுக் கோழிய எடுத்துடு டாகென்னு ஒரு வார்த்தை? அன்னிக்கே தங்கச்சி வீட்டுல விட்டுருப்பேன்."

முகம் எரிந்தது. நெருப்பால் என்று நினைத்துக்கொள்ளட்டும். அவன் சுட்டதைப் பாதியாக உடைத்து நீட்டினான். வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம்.

மே 1, வியாழன்

டாக்னிக்குப் போன் செய்தேன். நான் எதற்காகக் கூப்பிடுகிறேன் என்று தெரியாமல், குஞ்சுகளுக்குச் சூடு விளக்கு வாங்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னேன். நாலாம் தேதி நடந்தது, எனக்குத் தெரிந்தது எப்போது, தெரிந்த பிறகும் ஆறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம்.

"ஆறு நாளா?" என்றாள்.

"ஆமா."

"தினமும் ராத்திரி அதுங்களோட பேசிட்டு இருந்தேன். என்னால இப்ப பேச முடியல சிக்னே."

வைத்துவிட்டாள்.

மே 2

சங்கத்துக்கு எழுதினேன். ஐந்து பாயிண்ட். டாகெயைப் பற்றி எழுதிய கடிதத்தின் நகல் என்னிடமும் இருந்தது. அதையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயரையும் நடந்ததையும் மட்டும் மாற்றினேன். 'பொறுப்பற்ற' என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. எடுக்கவில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு கெட்ட சொல் என்று தெரிகிறது.

ஏகோனிடம் படிக்கக் கொடுத்தேன். "என் தப்பையும் சேர்த்து எழுது" என்றான். அதற்கு இதில் இடமில்லை என்றேன்.

மே 4

டாக்னியிடமிருந்து ஒன்றுமில்லை.

மே 7, புதன்

இன்று பொரிக்கும் நாள். இன்குபேட்டரை நிறுத்தியிருந்தால் எதுவும் பொரிக்காது. போனைப் பேக்கரியில் மாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். இரண்டு முறை அடித்தது. ஒன்று பல் டாக்டர், இன்னொன்று ஏகோன். "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்கத்தான்.

கேட்காதே என்று கத்திவிட்டேன். அடுத்த நிமிஷமே நானே திருப்பிக் கூப்பிட்டேன். "இல்லைப்பா, இன்னும் வரலை" என்றேன்.

மே 8, வியாழன்

காலை ஐந்தரைக்குச் செய்தி. படம் இல்லை, வணக்கம் இல்லை.

'ஒன்பது. ஏழு வெறுங்கால். இரண்டு இறகுக்கால்.'

அவள் தூக்கிப் போடவில்லை. ஏழு! பாரோனின் ஏழு. கோழிவீட்டுக்குப் போய் லிங்கோனைத் தூக்கிக்கொண்டு வைக்கோலில் உட்கார்ந்துவிட்டேன். வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம்.

மே 17, சனி

டாக்னி வந்தாள், சொல்லாமல். கையில் ஓட்டை போட்ட செருப்புப் பெட்டி. அம்மாவின் நீலக் கெட்டிலில் காபி கொண்டுவந்தேன். இரண்டு வாய் குடித்தபிறகுதான் பேசினாள்.

"உங்க மேல கோவம் தீரலை. அதைச் சொல்லிடறேன்."

"சரி."

"சங்கத்துலயும் கேட்டேன். வெறுங்கால் ஏழும் சுத்தம்தான், பட்டியல்ல ஏத்தலாம்னாங்க. நீங்க சொல்லாம விட்டிருந்தா இந்த ரெண்டையும் பாத்துட்டு, எந்தச் சேவல் கலந்துச்சுன்னே தெரியாம ஒன்பதையுமே கொடுத்திருப்பேன். அதையும் சொல்லிடறேன்." பெட்டியைத் தள்ளினாள். "இதுங்க என்கிட்ட இருக்கக்கூடாது."

மூடியைத் திறந்தேன். இரண்டு சாம்பல் பஞ்சு உருண்டை, காலில் இறகுக் காலுறை. ஒன்று நேராக என் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது. அம்மா லிங்கோனின் புத்தி அப்படியே.

என்னிடமும் இருக்கக்கூடாது. கலப்புக் குஞ்சை வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் பட்டியலுக்கு மனுப் போட முடியாது. எங்கே போகவேண்டும் என்று எனக்கும் தெரிந்தது, ஏகோனுக்கும் தெரிந்தது. அவன் எழுந்தான். வேண்டாம், நான் போகிறேன் என்றேன்.

மூன்று வருஷம் கழித்து டாகெயின் வாசல். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "அட, கால்சட்டையோட வந்திருக்காங்க" என்றான். வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். "என் பய பெத்ததுங்க. வேற எங்க போகும்?"

அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வாசலைத் தாண்டியதும் சொல்லிவிடுவேன் என்று வழியெல்லாம் நினைத்திருந்தேன். "அந்த வெள்ளைக் கோழி விஷயத்துல நான் செஞ்சது தப்பு டாகெ. முதல்ல உன்கிட்ட வந்திருக்கணும்."

அவன் குஞ்சின் காலைத் தடவிக்கொண்டே, "ம்" என்றான். அவ்வளவுதான். போதும்.

ஜூன் 11

சங்கத்துக் கடிதம். ஒரு வருஷத்துக்கு என் பெயர் இல்லை. டாகெயை எடுத்தபோது எழுதிய அதே வாசகம். படித்துக் காட்டினேன். ஏகோன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "சொல்லு" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

புதிய பட்டியல் வந்தது. சாம்பல் வம்சத்துக்கு நேராக டாக்னியின் பெயர், கோழி ஐந்து, சேவல் இரண்டு. என் பெயர் இருந்த இடம் அது. வலிக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். பட்டியலோடு டாக்னியின் துண்டுச் சீட்டும் இருந்தது: 'ஜூன் வரட்டும். சின்னவனை உங்களுக்காக வைத்திருக்கிறேன்.'

வேலியில் பழைய இடத்திலேயே லிங்கோன் மறுபடி வழி கண்டுபிடித்துவிட்டாள். மகள்களைப் பார்க்கப் போகிறாளோ, டாகெயின் வாளியைப் பார்க்கப் போகிறாளோ. ஒருத்தி அவனுடைய பூட்ஸ் மேலேயே உட்கார்ந்திருப்பாளாம்.

மாலை பேக்கரியிலிருந்து வந்தேன். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் ஏகோன் கதவுக்கே வந்து நின்றான்.

"உங்கம்மாவோட நீலக் கெட்டில் உடைஞ்சுபோச்சு. நான்தான் உடைச்சேன்."

துண்டுகளைத் துணிமேல் பரப்பி மேசை நடுவில் வைத்திருந்தான். ஒன்றையும் ஒட்டிப் பார்க்கவில்லை.

பாத்திரத்திலேயே காபி போட்டு ஆளுக்கு ஒரு கோப்பை குடித்தோம். எனக்குப் பச்சைக் கோப்பை.