உன் கையில் வைத்த காசு

பக்கத்துக் கூடாரத்து அம்மா இன்று காலை பழப்புளி போட்டு ஒரு சின்னச் செம்புக் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர், அதை மட்டும் எப்படியோ இந்த முகாம்வரை கொண்டுவந்திருக்கிறார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நீ என்னைத் திட்டிய திட்டுத்தான் நினைவுக்கு வந்தது.

சண்டை நின்று பாதை திறந்த வருடம் அது. ஒட்டுசுட்டானில் நான் உழுத வயலில் பழைய காசொன்று கிளம்பியது. உனக்குப் பளபளவென்று காட்டவேண்டுமென்று புளி போட்டுத் தேய்த்துக்கொண்டு தபால் கந்தோருக்கு ஓடிவந்தேன். முத்திரை குத்திக்கொண்டிருந்த நீ அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய்.

"மச்சான், முகத்தை அழிச்சுப்போட்டியேடா! இவ்வளவு காலமும் மண்ணுக்குள்ள கிடந்து தப்பின முகம், உன்ர கையில பத்து நிமிசம் தாங்கேல்லை."

இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை நீ.

அடுத்த மாரியில் கிடைத்த காசை நான் பச்சைக் களிம்போடு அப்படியே தந்தேன். நீ வவுனியாவுக்கு பஸ் ஏறிப்போய் நாணயப் புத்தகமொன்றைப் போட்டோக்கொப்பி எடுத்துவந்தாய். பூதக்கண்ணாடியோடு மூன்று நாள் மல்லுக்கட்டியபின், அது கிழக்கு ரோமை ஆண்ட பைசாந்திய அரசனொருவனின் காசு என்றாய். பழைய தந்திப் படிவத்தை வெட்டி அதற்கொரு உறை ஒட்டினாய். அதில் நான்கு வரிகள்: இடம், நாள், ஆழம், நிலை.

"ஒரு மண்ணில எடுத்ததை வேற மண்ணில போட்டிடாத. பிறகு வாறவனை ஏமாத்திற வேலை அது" என்பாய். மற்ற எதிலும் உனக்கு இவ்வளவு கண்டிப்பு இருந்ததில்லை.

சண்டையின் கடைசி மாதங்களில், காசுகளைப் போட்டுவைத்த நம் தகரப்பெட்டி எங்கேயோ போயிற்று. அந்தப் பைசாந்தியக் காசு மட்டும் உறையோடு என் சட்டைப்பையில் இருந்தது. கடற்கரையில் உன் மனைவியும் பிள்ளையும் நம்மைத் தவறவிட்ட மறுநாள், தண்ணீருக்குப் போன உன்மீது செல் குண்டு விழுந்தது. முழுதாக இருந்தது உன் வலது கை மட்டும்தான்.

அங்கே ஏற்கெனவே ஐந்தாறு பேரைப் புதைத்திருந்தார்கள். எல்லா மேடும் ஒரே மாதிரி. நாளைக்கு யாராவது கிண்டினால் உன்னை எப்படி அடையாளம் காண்பது? காசை உன் கையில் வைத்து விரல்களை மடக்கினேன். உன் சொல்லை மீறினேன், என்னை மன்னித்துக்கொள். உறையின் பின்பக்கத்தில் அதே நான்கு வரிகளையும் எழுதினேன். மூன்றாவது தென்னைக்குக் கிழக்கே, காலால் அளந்து, பத்துக் கவடு. நாள் போட்டேன். ஆழம் இரண்டு அடி, அதற்குமேல் வெட்ட முடியவில்லை. நிலைக்கு எதிரே எதுவும் எழுதவில்லை.

நேற்று உன் மனைவி என்னைத் தேடிப் பிடித்துவிட்டாள். "அவரை எங்க வைச்சனீங்கள் அண்ணை?" என்று கேட்டாள். கையில் காசு வைத்ததைச் சொல்லி உறையைக் கொடுத்தேன். அவளுக்கு உன் உறைகள் பழக்கம். எழுத்துக்கூட்டி வாசித்தவள் கடைசி வரியில் நின்றாள்.

"நிலை எண்டதுக்கு ஒண்டும் எழுதேல்லையே?"

"நித்திரை மாதிரித்தான் கிடந்தவன் தங்கச்சி. முகத்தில ஒரு கீறலும் இல்லை."

அவள் உறையை மடித்து என்னிடமே தந்தாள். "அங்க போக விடுற நாளில நீங்கள்தான் வந்து காட்டவேணும். நான் அவரைத் தோண்டி எடுத்து ஒழுங்காச் செய்யவேணும்" என்றாள்.

உறை என் சட்டைப்பையில் இருக்கிறது. அங்கே கூட்டிப்போய்த் தோண்டும் நாளில், முழுதாக இருந்தது உன் கை மட்டும்தான் என்று அவள் கண்டுவிடுவாள், மச்சான்.