தங்கச்சியா, கூட்டாளியா?

பெருமதிப்பிற்குரிய நண்பர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் மறைந்து ஓராண்டு நிறையும் வேளையில்தான் இம்மடல் வருகிறது. தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இன்று காலை நாளிதழுக்கான தங்கள் நினைவஞ்சலி விளம்பரத்தைத் தங்கள் துணைவியார் கமலா எனக்கு அனுப்பியிருந்தார். படத்தின் கீழே மனைவி, மக்கள், அண்ணன், மைத்துனர் என அனைவருக்கும் உரிய இடம் இருந்தது. என் பெயர் மட்டும் உறவுச்சொல் இல்லாமல் தனியே நின்றது. பின்னாலேயே அழைப்பும் வந்தது.

"அக்கா, உங்க பேரு இல்லாம போட மாட்டேன். ஆனா என்னன்னு போடறது? தங்கச்சின்னு போட்டுடவா? யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க. சாயங்காலம் பேப்பருக்கு அனுப்பணும்."

யோசித்துச் சொல்வதாகக் கூறி வைத்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தேன். தெப்ராவ் ஊரில் நாம் வேலை பார்த்த தொழிற்சாலையின் கேண்டீன் கண்முன் வந்துவிட்டது.

நம் ஆண்கள் மின்விசிறியின் கீழும், பெண்கள் கைகழுவும் தொட்டியருகிலும் அமர்வது அங்கே யாரும் விதிக்காத விதி. என் பள்ளிப் படிப்பு ஆறாம் ஆண்டோடு நின்றது. ஆயினும் தலையங்கத்தை வரிவிடாமல் படிப்பவள் நான். அதைப் பற்றி வாதாடவே தாங்கள் தேநீரும் கையுமாக எங்கள் பக்கம் வருவீர்கள். வந்ததும் சுங்கம் செலுத்துவதுபோல், "வீட்டுக்காரரு நல்லா இருக்காரா?" என்பீர்கள்.

ஒருநாள் பொறுமை இழந்தேன். "நல்லா இருக்காரு. நேத்தும் நல்லாத்தான் இருந்தாரு. இனிமே நேரா விஷயத்துக்கு வாங்க."

பக்கத்திலிருந்த தோழி அலுத்துப்போய்க் கையை உதறினாள். "அலாமாக்! அண்ணன்னு கூப்பிட்டுத் தொலை லா. ஊரு வாய் அடங்கும்."

"அண்ணன் எனக்கு ரெண்டு பேரு இருக்காங்க. சிநேகிதமா பேச ஒரு கூட்டாளிதான் இல்ல."

தங்களுக்குத் தேநீர் புரையேறியது. மின்விசிறிக் கூட்டம் சும்மா விடுமா? "என்னடா, பொம்பள கூட்டாளியா?" என்று கூவினார்கள். "ஆமாடா. உங்ககிட்ட வந்தா பந்து, பைக்கு. நெஞ்சு வலிக்குதுன்னாகூட முதுகுல ஒரு தட்டு தட்டிட்டுப் போயிருவீங்க" என்றீர்கள். அவர்களும் சிரித்தார்கள், தாங்களும் சிரித்தீர்கள். ஆனால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் வந்தபோது, "பயமா இருக்கா?" என்று நான் கேட்ட பிறகே தாங்கள் வாய் திறந்தீர்கள்.

நான் பெற்றது வேறு. அதுவரை ஆண்கள் என்னை அதட்டினார்கள். அல்லது, படித்தவள்போல் பேசுகிறாளே என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். "நீங்க சொல்றது தப்பு லா" என்று எதிரே உட்கார்ந்து, காரணம் சொல்லி மறுத்தவர் தாங்கள் ஒருவரே. அம்மறுப்பில் இருந்த மரியாதையை எந்தப் புகழுரையிலும் நான் கண்டதில்லை. இன்றும் எவர் முன்னும் என் கருத்தைக் குரல் தாழாமல் சொல்கிறேன். பிறர் மறுத்தால் மகிழ்கிறேன். அது தங்களிடம் பழகிய பழக்கம்.

தங்கை என்பது நல்ல சொல்தான். ஆயினும் ஊருக்காக அன்று ஏற்காததை அச்சில் ஏற்க எனக்கு மனமில்லை. மதியம் கமலாவை அழைத்து, 'கூட்டாளி' என்றே போடச் சொன்னேன். உடனே, "அவரும் அப்படித்தான்கா சொல்வாரு, 'என் கூட்டாளி'ன்னு" என்றார்.

ஆகவே, என் பெயருக்கு முன்னே 'கூட்டாளி' என்று அச்சாகப் போகிறது. தாங்கள் மறுப்பதாயின், காரணத்தோடு விரைந்து பதில் எழுதுங்கள்.