வெற்றிலை தீர்ந்த வியாழக்கிழமை

வளப்பூர் நாடு,
ஞாயிறு.

மகன் சுதாகருக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் அப்பா நன்றாக இல்லை என்பது எனக்கு முன்பே உனக்குத் தெரியும், அதனால் விசாரிக்க வேண்டாம். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் லாரியோடு சத்தீஸ்கரில் கிடக்கிற உன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கவும் இந்தத் தடவை மனம் வரவில்லை. போனில் பேசினால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

பத்து வருஷமாக வெற்றிலையைத் தொடாத மனிதர் தைப்பொங்கலிலிருந்து மெல்ல ஆரம்பித்ததும், வாய்க்கு ருசி திரும்பிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். சுண்ணாம்பு தடவி மடித்துக் கொடுத்தது இந்தக் கைதான். போன வியாழக்கிழமை வெற்றிலை தீர்ந்துபோயிற்று, மழையில் சந்தைக்குப் போக முடியவில்லை. அன்றைக்கும் பலா மரத்தடியில் இருமி இருமிச் சிவப்பாகவே துப்பினார். வெற்றிலையே இல்லாமல் சிவப்பு எங்கிருந்து வரும்? 108 வண்டியில் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனால், எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்கிறார். நாலு மாசமாச்சுங்க, பையனுக்குத் தெரியுமுங்க, இவகிட்டத்தான் சொல்லலீங்க என்கிறார் உன் அப்பா, நான் பக்கத்திலேயே நிற்கிறேன். அம்மாகிட்டச் சொல்லாத சாமி என்று கெஞ்சினாராம், நீயும் சரி என்றாயாம். அவர் பயந்துபோனவர், விட்டுவிடலாம். படித்தவன், உனக்கு என்ன கேடு?

வலது நுரையீரலில் பழைய காசநோயின் தழும்பு இருக்கிறதாம், அங்கேதான் இரத்தம் கசிகிறதாம். சளியும் சோதனைக்குப் போயிருக்கிறது. இரத்தம் வந்தால் விழுங்காமல் துப்ப வேண்டும், வலப்பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல பக்கத்துக்கும் இறங்கி மூச்சை அடைத்துவிடும் என்றார்கள். நாலு மாதமாக ராத்திரியில் இவர் எனக்கு முதுகைக் காட்டி, வந்ததை விழுங்கிக்கொண்டு, இடப்பக்கமாகவே படுத்திருக்கிறார். ஒரு நாள் அப்படியே போயிருப்பார், நீ வந்து கொள்ளி வைத்திருப்பாய். இப்போது வெற்றிலை, பீடி, கடையில் வாங்குகிற வலி மாத்திரை எல்லாம் நின்றது. கட்டிலடியில் வெள்ளைக் கிண்ணம் வைத்திருக்கிறேன், நான் பார்த்த பிறகுதான் கழுவுவேன். கால் டம்ளர் வந்தாலோ மூச்சு முட்டினாலோ பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது, உடனே வண்டியைக் கூப்பிட வேண்டும்.

எட்டுக்கையம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், என் கோபம் உன்னை ஒன்றும் செய்யாது. போர் போடும்போது தூசு ஏறாமல் மூக்கில் துணி கட்டு. போன வாரம் பேசும்போது நீயும் இருமினாய். அது எத்தனை நாளாக என்று அப்பாவிடம் சொல்லாதே, எனக்கு எழுது.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் கடைசியில் தெரிந்துகொள்கிற உன் அம்மா,
குப்பாயி