உடைக்காத மருந்துப் பேணி

அக்கா,

நேற்றுக் காலை பிளேஸ்டோவில் உங்கள் வீட்டுக் கோழிக்கூட்டருகே இருந்தவர்கள்: நான், உங்கள் மகள், மிஞ்சிய மூன்று கோழிகள். கூடு கழுவத் தீவனப் பெட்டியை நகர்த்தினோம். பின்னால் கோழிகளின் குடற்புழுவுக்கான அந்தப் பூச்சி மருந்துப் பேணி, மூடி திறக்காத தகர டப்பா.

அவள் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "ஆன்ரி, இது உடைக்கவே இல்லையே?"

"பழசு பிள்ளை," என்று வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கோழிகளை என் பொறுப்பில் விட்டு நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்த வாரம் புள்ளிக்கோழி இறகை உப்பிக்கொண்டு மூலையில் நின்றது. கொண்டை வெளிறியிருந்தது. வாரித் தின்றும் நெஞ்செலும்பு கத்திபோலக் கையில் தட்டுப்பட்டது. எச்சத்தில் வெள்ளை நூலாகப் புழு. கோழி வளர்ப்பு பற்றிய நூலகப் புத்தகத்தை அகராதியோடு படித்த எனக்கு அது தெரியாததல்ல. தீவனத்தில் மருந்து கலக்கச் சொல்லி நீங்களும் போன் எடுத்தீர்கள்.

மறுநாள் கந்தசஷ்டி தொடக்கம். விரதம் பிடிக்கும் கையால் உயிர் கொல்வதா, புழுவும் உயிர்தானே என்று நினைத்தேன். ஆறு நாள்தானே, பாரணை முடியக் கொடுக்கலாம் என்றிருந்தேன்.

நீங்கள் தினமும் கேட்டீர்கள். "மருந்து குடுத்தனியே?"

"ஓம் அக்கா, குடுத்திட்டன்."

"நீ விரதம் எண்டு கோழியளையும் பட்டினி போட்டிடாதை." சிரித்தீர்கள், சிரிப்பு இருமலாயிற்று.

மற்ற மூன்றும் முற்றின கோழிகள். புழுவோடும் தாங்கி நின்றன. புள்ளிக்கோழி இளசு. சூரன்போரன்று காலை கால் நீட்டிக் கிடந்தது. சேவலைக் கொடியில் வைத்திருப்பவனுக்கு நான் பிடித்த விரதம் அது. உங்களிடம், "முட்டை இடுது அக்கா," என்றேன். மகளிடம் நரி கொண்டுபோனதென்றேன். அது முட்டை இடுகிறதென்று நம்பியபடியே நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

மற்றவைக்குப் பிறகு வேறு பேணி வாங்கிக் கொடுத்தேன். இதைத் தொடக் கை வரவில்லை. நாள் தவறாமல் எழுதும் என் கொப்பியில் அந்த ஆறு நாளும் "மருந்து கொடுத்தது" என்றே இருக்கிறது.

நேற்றுப் போகும்போது உங்கள் மகள் சொன்னாள்: "நரிக்கு வேலி அடைச்சாச்சு ஆன்ரி. ஞாயிறு ரெண்டு இளங்கோழி கொண்டு வாறன்."

புழுவின் முட்டை மண்ணில் வருடக்கணக்காய்ச் சாகாமல் கிடக்கும், அக்கா. அந்த மண்ணில்தான் அவை கிளறப்போகின்றன. புழு இருந்ததென்று சொன்னால் மருந்து என்னவாயிற்று என்று கேட்பாள், பேணியைத்தான் பார்த்துவிட்டாளே. உண்மையைச் சொன்னால் பிறகு என் முகத்தில் முழிப்பாளோ தெரியாது.

பேணி இன்னும் கைப்பையில், திருநீற்றுப் பையோடு கிடக்கிறது. அவளுக்கு நான் என்ன சொல்ல? கனவிலாவது வந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் பதில் சொல்லுங்கள்.